மதுரையில் சேர்த்த போனஸும் லெஸ்டரில் கட்டிய பிரீமியமும்: ஒரு கார் காப்பீட்டு நிகழ்வு ஆய்வு

மதுரை திருநகரைச் சேர்ந்த ஒரு குடும்பம் 2023இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குக் குடிபோனது. மனைவி செவிலியர், வயது 34. கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்த்தவர், வயது 38. ஊரில் அவர்களுடைய ஸ்விஃப்ட் காருக்குக் கடைசியாகக் கட்டிய இன்சூரன்ஸ் 9,341 ரூபாய். லெஸ்டரில் 2,900 பவுண்டு கொடுத்து வாங்கிய பழைய சிறிய காருக்கு முதலில் கேட்கப்பட்ட பிரீமியம் 2,140 பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு சுமார் 105 ரூபாய் என்று வைத்தால் 2,24,700 ரூபாய்.

நான் மதுரையில் பொதுக் காப்பீட்டு முகவர். அந்த ஸ்விஃப்ட்டுக்கு வருடா வருடம் பாலிசி போட்டுக் கொடுப்பது நான்தான். லெஸ்டரிலிருந்து அவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் திரையைப் படம் பிடித்து அனுப்பினார்கள், போனில் பேசினார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். திருநகர், வில்லாபுரம், திருமங்கலம், மேலூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் இப்போது பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போகிறார்கள். விசா, வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், கார் இன்சூரன்ஸை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. அந்தக் கணக்கின் பாதி வேலை மதுரையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியது என்பதுதான் இந்த நிகழ்வில் நான் கண்டது.

மதுரையில் போட்ட கணக்கு

9,341 ரூபாய் எப்படி வந்தது என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம். 2022 செப்டம்பர் புதுப்பிப்பு அது. 2017இல் வாங்கிய வண்டி, ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு, நான்கு லட்சம். சொந்தச் சேதத்துக்கான, அதாவது ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000. கணவர் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு கிளைம்கூடக் கேட்காததால் நோ கிளைம் போனஸ் என்கிற தள்ளுபடி 50 சதவீதம். ஆக 4,500. எதிராளிக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் 3,416. இது 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரை உள்ள எல்லாத் தனியார் கார்களுக்கும் 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை. இரண்டும் சேர்த்து 7,916, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,425. தனிநபர் விபத்துக் காப்பு அவரிடம் வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்ததால் இதில் இல்லை.

இந்தக் கணக்கில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். ஓட்டுகிறவர் எத்தனை வருடமாக லைசன்ஸ் வைத்திருக்கிறார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார், என்ன வேலை, வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும், இரவில் வண்டி எங்கே நிற்கும்: இதில் எதையும் நான் அவரிடம் கேட்கவில்லை. தேர்டு பார்ட்டி தொகை கல்லூரி முடித்த பையனுக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் ஒன்றுதான். நம் ஊரில் பாலிசி வண்டியை ஒட்டியது. முறையான லைசன்ஸ் உள்ளவர் யாராக இருந்தாலும், உரிமையாளர் சம்மதித்தால் ஓட்டலாம். குலதெய்வம் கோயிலுக்கு மச்சான் ஓட்டிக்கொண்டு போவார், திருச்செந்தூருக்கு ஆக்டிங் டிரைவர் வருவார். பாலிசி அதனால் கெடாது.

போனஸ் மட்டும் ஆளை ஒட்டியது. முதல் வருடம் கிளைம் இல்லாவிட்டால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருட முடிவில் 50. வண்டியை விற்றாலும் அது விற்றவரிடமே இருக்கும், வாங்கினவருக்குப் போகாது. இந்த ஒரு விஷயம் பின்னால் இரண்டு இடத்தில் முக்கியமாக வரப்போகிறது.

லெஸ்டரில் கேட்ட கேள்விகள்

மனைவி 2023 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். கணவரும் மகளும் மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் பேருந்துதான். இரவுப் பணி மாலை 7.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடியும். ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு. குளிர் தொடங்குவதற்குள் ஒரு வண்டி வாங்கிவிட வேண்டும் என்று ஜூலையில் தேடினார்கள். அகப்பட்டது 2012ஆம் வருட ஹூண்டாய் ஐ10. அந்தத் தலைமுறை ஐ10 வண்டிகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியவை. நம் மண்ணிலிருந்து போன வண்டியே அவர்களுக்கு அமைந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட முக்கியம், அங்கே கார்களை 1 முதல் 50 வரை காப்பீட்டு வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எண் ஏற ஏறப் பிரீமியம் ஏறும். ஐ10 அடிமட்ட எண்களில் வருகிற வண்டி. வாங்கும் முன்பே இதைப் பார்த்தது நல்ல காரியம்.

அப்படியும் 2,140 பவுண்டு. அன்று இரவு அந்தப் பெண் போன் செய்தார்.

"அண்ணே, காரோட விலையில முக்கால்வாசி இன்சூரன்ஸுக்கே போகுதுண்ணே. எங்களைப் புதுசுன்னு பார்த்து ஏமாத்துறாங்களா?"

ஏமாற்று வேலை இல்லை. விலை ஒப்பீட்டுத் தளத்தில் அவர் நிரப்பிய படிவத்தை வரி வரியாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அங்கே பாலிசி ஓட்டுகிறவரை ஒட்டியது. எந்த நாட்டு லைசன்ஸ், எத்தனை வருடம், இங்கிலாந்தில் எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள், தபால் குறியீடு, தொழில், வருடாந்தர மைல், வண்டி இரவில் தெருவிலா வீட்டு முற்றத்திலா, பாலிசியில் வேறு யார் ஓட்டுவார்கள், அங்கே கிளைம் இல்லாமல் எத்தனை வருடம். கேட்கக் கூடாத ஒன்று, ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்பதை வைத்து விலை மாற்றுவது. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012 டிசம்பர் 21 முதல் அது இல்லை. மற்றபடி இந்தக் குடும்பத்தின் பதில்கள் ஒவ்வொன்றும் விலையை ஏற்றுகிற பக்கமாகவே இருந்தன. இந்திய லைசன்ஸ். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. நகரத்துக்குள் வரிசை வீடு, வண்டி தெருவில்தான் நிற்கும். அந்த ஊர்ப் போனஸ் பூஜ்யம்.

இது போக அந்த நாட்டில் அடிப்படைச் செலவே கூடுதல். விபத்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இளம் வயதில் நடமாட முடியாமல் போனவருக்கு ஆயுள் முழுக்க ஆள் வைத்துப் பார்க்கிற செலவும் அதில் சேரும். நம் தீர்ப்பாயங்களிலும் உயிருக்கும் காயத்துக்கும் வரம்பு இல்லைதான், ஆனால் அந்த நாட்டுச் சம்பளமும் மருத்துவச் செலவும் எங்கே, நம்முடையது எங்கே? மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியும் அப்படித்தான். மேலே 12 சதவீதம் காப்பீட்டு வரி. 2023 முழுவதுமே அங்கே பிரீமியம் எல்லாருக்கும் ஏறிக்கொண்டிருந்த வருடம் வேறு. இவர்கள் போய் இறங்கியது அந்த ஏற்றத்தின் நடுவில்.

விட்டுவிட்ட குறுக்கு வழிகள்

கணவர் மதுரையில் தினமும் கார் ஓட்டியவர். காளவாசல் சிக்னலையும் கோரிப்பாளையத்தையும் ஒவ்வொரு நாளும் கடந்தவர். மனைவி ஸ்கூட்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர், கார் லைசன்ஸ் இருந்தும் அதிகம் ஓட்டாதவர். படிவத்தில் கணவரை முதன்மை ஓட்டுநராகவும் மனைவியைக் கூடுதல் ஓட்டுநராகவும் மாற்றிப் போட்டால் விலை 1,690 என்று காட்டியது. 450 பவுண்டு மிச்சம்.

"நான்தான நல்லா ஓட்டுவேன், என் பேர்லயே போட்டுக்கிறோம்ணே" என்றார் அவர். வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். வண்டி வாங்குவதே மனைவியின் பணிக்காக. கணவர் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. தினமும் ஓட்டப்போகிறவர் யாரோ அவர்தான் முதன்மை ஓட்டுநர். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இன்னொருவர் பெயரை முன்னால் நிறுத்துவதை அங்கே ஃப்ரன்டிங் என்பார்கள், அது மோசடிக் கணக்கில் வரும். அந்த நாட்டின் 2012ஆம் வருட நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, தெரிந்தே தவறான தகவல் தந்தால் நிறுவனம் பாலிசியையே இல்லையென்று ஆக்கலாம், கட்டிய பணத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லை. எதிராளிக்குக் கொடுத்த நஷ்டஈட்டை உங்களிடமே வசூலிக்கவும் வரும். அதற்கும் மேல், ஒரு தடவை பாலிசி ரத்து ஆனால் அடுத்தடுத்து விண்ணப்பிக்கிற இடத்தில் எல்லாம் "இதற்கு முன் ரத்து ஆகியிருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டும். பிழைக்கப் போன இடத்தில், செவிலியராகப் பதிவு வைத்திருக்கிற ஒருவர் பெயரில் அப்படி ஒரு கறை படியவே கூடாது.

அடுத்தது வாட்ஸ்அப். நம் ஆட்கள் இருக்கிற ஒரு குழுவில், "நம்ம பையன் ஒருத்தர் 900 பவுண்டுக்கு முடிச்சுத் தர்றார், பாதிய முதல்ல அனுப்பினாப் போதும்" என்று யாரோ போட்டிருந்தார்கள். எனக்கு அதைப் படித்ததும் பதறியது. புதிதாகப் போகிறவர்களைக் குறிவைத்தே இந்தப் போலித் தரகர்கள் வேலை செய்கிறார்கள். அசல் மாதிரியே தாள் வரும். சில பேர் உண்மையான பாலிசியைப் பொய் விவரம் கொடுத்து எடுத்து, தாளைத் திருத்தி அனுப்பிவிட்டு, சில நாளில் ரத்துசெய்து பணத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்வார்கள். அங்கே போலீஸ் வண்டி எண்ணை வைத்தே காப்பீடு இருக்கிறதா என்று வழியிலேயே பார்த்துவிடும். இல்லையென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும், 300 பவுண்டு அபராதம், லைசன்ஸில் 6 புள்ளி. ஏமாந்தவர் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த நாட்டு லைசன்ஸ் வாங்கி முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசன்ஸே போய்விடும்.

மூன்றாவதாக அவர்கள் யோசித்தது தேர்டு பார்ட்டி மட்டும் போடுவது. மதுரைக்காரர் யாருக்கும் அதுதான் தோன்றும், பழைய வண்டிதானே என்று. போட்டுப் பார்த்தால் 2,310 காட்டியது. சொந்தச் சேதமும் சேர்ந்த ஃபுல் கவரைவிட அதிகம்! அங்கே தேர்டு பார்ட்டி மட்டும் கேட்டு வருகிறவர்களில் விபத்து அதிகம் என்று நிறுவனங்கள் கணக்கு வைத்திருப்பதால் பல பேருக்கு இப்படித்தான் வருகிறது.

விலை இறங்கிய விதம்

சரி, நேர்வழியில் எவ்வளவு குறையும்? நாங்கள் ஒவ்வொரு பதிலையும் உண்மைக்கு உட்பட்டு மாற்றிப் பார்த்தோம். பாலிசி தொடங்கும் தேதியை நாளை என்று போடாமல் மூன்று வாரம் தள்ளிப் போட்டதில் கொஞ்சம் இறங்கியது. கடைசி நேரத்தில் கேட்கிறவர்களுக்கு அங்கே விலை கூடுதல். கிளைம் வந்தால் முதலில் நம் கையிலிருந்து கட்டுகிற தொகையை 250 பவுண்டு உயர்த்தியதில் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் உயர்த்தினால் அவசரத்துக்குக் கட்டக் கையில் இருக்காது என்பதால் அங்கே நிறுத்திக்கொண்டார்கள்.

பெரிய குறைவு வந்தது, ஓட்டுவதைக் கண்காணிக்கிற கருவி பொருத்துகிற பாலிசியில். வேகம், பிரேக் பிடிக்கிற விதம், எந்த நேரத்தில் ஓட்டுகிறோம் எல்லாம் அதில் பதிவாகும். நள்ளிரவில் ஓட்டினால் மதிப்பெண் குறையும் என்று படித்துவிட்டு அந்தப் பெண் பயந்தார், இரவுப் பணிக்காரிக்கு இது ஒத்துவருமா என்று. ஆனால் பணி நேரத்தைப் பாருங்கள்: வண்டி ஓடுவது மாலை 7 மணிக்கும் மறுநாள் காலை 8 மணிக்கும்தான். நள்ளிரவில் அது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். பாலிசி ஆவணத்தில் நிறுவனம் குறிப்பிட்டிருந்தது இரவு 11 முதல் காலை 5 வரை. அவருக்கு அது பொருந்தவே இல்லை. விலை 1,720க்கு வந்தது.

இன்னும் ஒரு படி இறங்க உதவியது ஊர்த் தாள்கள். இந்தியப் போனஸைப் பெரும்பாலான பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே பாலிசி தருகிற சிலர், வந்தவர் ஊரில் எத்தனை வருடம் கார் ஓட்டினார், விபத்து உண்டா என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நிறுவனம் கணவரின் அனுபவத்தையும் சேர்த்து 1,640 சொன்னது. சான்றுகள் ஏழு நாளில் வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கேதான் மதுரையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை வந்து நின்றது. கணவர் படிவத்தில் லைசன்ஸ் 14 வருடம் என்று போட்டிருந்தார். கார்டை எடுத்துப் பார்த்தேன். 2009இல் வாங்கியது பைக்குக்கு. இலகு ரக வாகனம் அதில் ஏறியது 2014இல். கார்டில் வாகன வகைக்கு எதிரே தனித்தனித் தேதி இருக்கிறது, நாம் யாரும் கவனிப்பதில்லை. கார் இன்சூரன்ஸுக்கு 9 வருடம் என்பதுதான் சரி. திருத்திப் போட்டும் விலை ஒரு பவுண்டுகூட மாறவில்லை. திருத்தாமல் விட்டு, ஒரு கிளைம் நேரத்தில் அவர்கள் கார்டைக் கேட்டிருந்தால் கதை வேறு.

அடுத்து பெயர். பாஸ்போர்ட்டில் அவர் பெயரும் அப்பா பெயரும் முழுதாக இருக்கின்றன. லைசன்ஸில் பெயருக்குப் பின்னால் இன்ஷியல். எங்கள் பாலிசியில் பெயருக்கு முன்னால் இன்ஷியல். ஆர்.சி. புக்கில் இன்ஷியலே இல்லை. நமக்கு இது நாலும் ஒரே ஆள். லெஸ்டரில் சான்று பார்க்கிறவருக்கு நாலும் நாலு பேர். பாலிசியில் பெயர் திருத்தம் கேட்டு விண்ணப்பித்து, பாஸ்போர்ட் நகல் வைத்து, திருத்தம் வந்த பிறகு நோ கிளைம் போனஸ் கடிதம் வாங்கினோம். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், வண்டி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வருடா வருடம் காப்பீடு இருந்தது, அந்தக் காலத்தில் கிளைம் எதுவும் இல்லை, இப்போதைய போனஸ் சதவீதம், ஆங்கிலத்தில், கையெழுத்தும் முத்திரையும். வெறும் "50 சதவீதம்" என்று ஒரு வரிக் கடிதம் அங்கே பயன்படாது. அவர்கள் வருடக் கணக்கில் பேசுகிறார்கள். லைசன்ஸ் விவரச் சான்று சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து டி.என். 58, மதுரை தெற்கு ஆர்.டி.ஓ. வழியாக வந்தது. ஏழு நாள் கெடு முடிவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்த வாரம் முழுக்க இரண்டு ஊரிலும் யாருக்கும் நிம்மதி இல்லை. ஊரில் இருக்கும்போதே செய்திருந்தால் ஒரு காலைப் பொழுது வேலை.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் அவர் எடுத்து வைத்திருந்தார், ஆர்.டி.ஓ. கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஆங்கிலத்தில் இருக்கிற இந்திய லைசன்ஸே அங்கே போதும் என்பதால் அது பிரீமியத்தைக் குறைக்க உதவவில்லை.

கடைசியில் 1,640 பவுண்டை மொத்தமாகவே கட்டினார்கள். மாதத் தவணைக்கு வட்டி உண்டு, அந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாத குடும்பத்துக்குத் தவணை கிடைப்பதும் சிரமம். ஊரில் போட்டிருந்த சீட்டை மாமனார் எடுத்து அனுப்பினார். வண்டி விலையில் 57 சதவீதம் ஒரு வருட இன்சூரன்ஸ். மதுரையில் அது வண்டி மதிப்பில் இரண்டேகால் சதவீதத்தை ஒட்டி இருந்தது.

கனடாவுக்குப் போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். ஒன்டாரியோவில் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர் அனுபவத்தை ஆர்.டி.ஓ. அல்லது தூதரகச் சான்றோடு நிரூபித்தால் முழு லைசன்ஸுக்கான தேர்வை நேரே எழுத விடுகிறார்கள். சான்று இல்லாவிட்டால் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், அத்தனை மாதமும் பிரீமியம் உயரத்திலேயே நிற்கும். அங்கேயும் அதே தாள்தான் வழி.

பன்னிரண்டு மாதக் கெடு

இந்திய லைசன்ஸை வைத்து அங்கே ஓட்ட, குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அனுமதி. கார் வாங்கிய நாளிலிருந்து இல்லை, பாலிசி தொடங்கிய நாளிலிருந்தும் இல்லை. மனைவிக்கு 2024 ஜனவரியோடு முடிகிறது, கணவருக்கு மே மாதத்தோடு. பாலிசி ஜூலை வரை இருக்கிறது என்று நம்பி ஓட்டினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு, காப்பீடும் செல்லாது.

மனைவி இதில் கெட்டிக்காரி. போன சில மாதங்களிலேயே தற்காலிக லைசன்ஸுக்கு 34 பவுண்டு, எழுத்துத் தேர்வுக்கு 23 கட்டி முடித்துவிட்டார். ஓட்டுநர் தேர்வுக்கு 62. தேதி கிடைக்கத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கியர் வண்டியிலேயே தேர்வு எழுதுங்கள் என்று அவர்களுக்கு அங்கே சொன்னவர் நல்லது செய்தார். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் அந்த வகை வண்டி மட்டும்தான் ஓட்ட முடியும். டிசம்பரில் தேறிவிட்டார். நிறுவனத்துக்கு அன்றே தெரிவித்ததில் 25 பவுண்டு எழுத்துச் செலவு போக 110 பவுண்டு திரும்பி வந்தது. இது எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. சில நிறுவனங்கள் புது லைசன்ஸைப் புது ஓட்டுநராகக் கருதி விலையை ஏற்றுவதும் உண்டு. ஏறினாலும் சொல்லியே ஆக வேண்டும்.

கணவர் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். பல வருடம் வண்டி ஓட்டியவருக்குத் திரும்ப எல் போர்டு மாட்டச் சங்கடம், எனக்குப் புரிகிறது. மே மாதம் வந்ததும் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓட்டுவதை நிறுத்தினார், அந்த மட்டில் மிகச் சரி. கண்ணாடி பார்க்கவில்லை என்று முதல் தேர்வில் தோற்று, வருடக் கடைசியில் தேறினார்.

இந்த ஒரு வருடத்தில் இன்னும் ஒரு விஷயம் புரிந்தது. மனைவியை ஒரு தடவை நகரின் இன்னொரு மருத்துவமனையில் பணி பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் பாலிசியில் இருந்தது ஒரே நிரந்தரப் பணியிடத்துக்குப் போய்வர மட்டும். வேறு இடங்களுக்கோ நோயாளிகளின் வீடுகளுக்கோ போக வேண்டுமென்றால் தொழில் உபயோகம் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். கேட்டுச் சேர்த்துக்கொண்டார், பெரிய தொகை இல்லை. அதே மாதிரி, கூட வேலை பார்க்கும் தோழி ஒருவர் ஒரு நாள் வண்டியைக் கேட்டபோது கொடுக்க முடியவில்லை. பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் அது காப்பீடு இல்லாத வண்டி. ஒரு மணி நேரத்துக்குக்கூட அங்கே தற்காலிகப் பாலிசி கிடைக்கிறது, தோழி அதை எடுத்துக்கொண்டு ஓட்டினார்.

ஊரில் நிற்கும் ஸ்விஃப்ட்

போகும் முன் கணவர் ஸ்விஃப்ட்டைத் தன் அப்பா பெயருக்கு மாற்றிவிட நினைத்தார். அப்படி மாற்றினால் 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற வேண்டும், மகனுடைய போனஸ் அப்பாவுக்கு வராது, மீதி மாதங்களுக்கான போனஸ் வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசுக்குப் போகுமே தவிர, உயிரோடு இருக்கும்போது கை மாறாது. ஆகவே பெயரை மாற்றாமல், அப்பா ஓட்ட, மகன் பெயரிலேயே புதுப்பித்து வருகிறோம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும் என்பதால் தேதியை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

2024இல் திருமங்கலத்துக்குப் போன இடத்தில் பெரியவர் ஒரு கம்பத்தில் பம்பரை உரசிவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் 7,000 ரூபாய் கேட்டார்கள். "தம்பி, எதுக்கு இன்சூரன்ஸ் கட்டுறோம், கிளைம் போட்ருவோம்" என்றார். நியாயமான கேள்விதான். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி போகும், கட்டாயப் பிடித்தம் 1,000 போகும், கைக்கு வருவது மூவாயிரத்துக்குள். போனஸ் பூஜ்யத்துக்குப் போய், திரும்ப 50 சதவீதம் ஏறும் வரை வருடா வருடம் இழப்பது 4,500, 2,700, 2,250, 1,350, 450. கூட்டினால் 11,250, ஜி.எஸ்.டி. தனி. வண்டி மதிப்பு குறையக் குறைய இது கொஞ்சம் குறையும், ஆனாலும் மூவாயிரத்துக்கு இறங்காது. "கைக்காசு போட்டே செஞ்சுருவோம் தம்பி" என்று எழுந்துவிட்டார்.

இப்போதைய நிலை

லெஸ்டரில் 2024 ஜூலைப் புதுப்பிப்பு, அந்த ஊர் லைசன்ஸும் ஒரு வருடப் போனஸும் சேர்ந்து 1,060 பவுண்டு. 2025 ஜூலையில் 812. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் அங்கே விதி இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் முன்பே வெளியில் விசாரித்துவிட்டுத்தான் கட்டினார்கள். இரண்டு வருடப் போனஸும் மனைவி பெயரில். கூடுதல் ஓட்டுநராக இருந்த கணவருக்கு அதில் எதுவும் சேரவில்லை. இரண்டாவது கார் வாங்கும் யோசனை வந்தால் அவர் அங்கே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார். மதுரையில் அவருடைய 50 சதவீதம் அப்படியே இருக்கிறது.

இருட்டினால் பெரியவர் இப்போது வண்டி எடுப்பதில்லை, ஸ்விஃப்ட்டை விற்றுவிடலாமா என்று போன மாதம் மகன் கேட்டார். விற்கலாம் என்றேன். உரிமை மாற்றத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் படிவம் 29இன் நகலும் பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலும் கைக்கு வந்ததும் போனஸைத் தக்கவைக்கும் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். மூன்று வருடத்துக்குள் அவர் ஊருக்குத் திரும்பி எந்தக் கார் வாங்கினாலும் அந்த 50 சதவீதம் அதில் உட்காரும். இந்தத் தடவை கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரும்.